தீயணைப்பு நிலையம் எங்கே வேண்டும்? சென்னைக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு

தீயணைப்பு நிலையம் எத்தனை வேண்டும் என்று கேட்டால் இந்தியாவில் இரண்டு அளவுகோல்கள் கையில் கிடைக்கும். தீயணைப்புக்கான நிலை ஆலோசனைக் குழு சொல்வது நகர்ப்புறத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. மத்திய அரசின் நகர்த் திட்டமிடல் வழிகாட்டி சொல்வது 2 லட்சம் பேருக்கு ஒன்று, அதுவும் 1 முதல் 3 கிலோமீட்டருக்குள். சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. முதல் அளவுகோலின்படி 43 நிலையங்கள் வேண்டும். 2011 கணக்கெடுப்பின் ஏறத்தாழ 67 லட்சம் மக்களை வைத்து இரண்டாவதைப் போட்டால் 33 அல்லது 34. ஒரே ஊருக்குப் பத்து நிலைய வித்தியாசம். எந்தத் தெரு முனையில் வைப்பது என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

அந்தக் கேள்விக்கு இலவச மென்பொருளும் பொதுவில் கிடைக்கும் தரவும் கொண்டு எவ்வளவு தூரம் பதில் தேட முடியும் என்று பார்த்த வேலை இது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் சாலைகள், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், பைத்தானில் கொஞ்சம் நிரல், ஒரு சாதாரண மடிக்கணினி. வேறு செலவு இல்லை. நகரத் திட்டமிடல் படிப்பவர்களுக்கும், தங்கள் வார்டுக்கு நிலையம் கேட்டு மனு எழுதுகிறவர்களுக்கும் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வட்டம் போட்டால் என்ன ஆகும்

நிலையத்தைப் புள்ளியாக வைத்து 3 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இருப்பவர்களுக்குச் சேவை உண்டு என்று நிறம் தீட்டிய வரைபடங்களைத் திட்ட அறிக்கைகளில் பார்த்திருப்பீர்கள். வண்டி பறக்காது, தெரு வழியாகத்தான் போகும். தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சதுரக் கட்டங்களாக இருக்கிற ஊரில், குறிப்பிட்ட தூரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பகுதி வட்டமாக அமையாது, சாய்ந்து நிற்கும் சதுரமாக அமையும். அந்தச் சதுரத்தின் பரப்பு வட்டத்தின் பரப்பில் 64 சதவீதம் மட்டுமே. அதாவது ஆறும் ரயில் பாதையும் ஒருவழிப்பாதையும் கணக்கில் வருவதற்கு முன்பே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விடுகிறது.

சென்னையில் ஆறும் ரயில் பாதையும் கட்டாயம் வரும். துரைப்பாக்கத்தில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி ஒரு புள்ளி வைத்து வட்டம் போட்டால் அக்கரையில் நீலாங்கரையும் சேர்த்து மூடிவிடும். அதே புள்ளியிலிருந்து சாலை வழியாக நேரம் கணக்கிட்டால் நிறம் கால்வாயோடு நின்றுபோகும். பாலம் இருக்கிற இடம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். கூவமும் அடையாறும் இதே வேலையைச் செய்கின்றன. கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயிலுக்காக கேட் மூடியிருந்தால், கண்ணுக்கு எதிரே தெரியும் வீடு வண்டிக்கு வெகுதூரம்.

எனவே வட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு நேரத்தை வரைவதுதான் முதல் வேலை. அதற்கு வேகம் தெரிய வேண்டும்.

வேகம்

1970களில் நியூயார்க் நகரத்துக்காக ராண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தீயணைப்பு வண்டிகளின் பயண நேரத்தை ஆராய்ந்தார்கள். அந்த வழியில் வந்து அமெரிக்காவில் இன்றும் புழங்கும் சூத்திரம் ஒன்று உண்டு. மைலில் தூரத்தை எடுத்து 1.7ஆல் பெருக்கி 0.65ஐக் கூட்டினால் நிமிடத்தில் நேரம் வரும். அதன் அடியில் இருக்கும் வேகம் மணிக்கு 35 மைல், நம் கணக்கில் 56 கிலோமீட்டர். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் கோப்புகள் பலவும் இதையோ, இதைப் போன்ற வேகத்தையோ எடுத்துக்கொள்கின்றன. மாலை 6 மணிக்கு உஸ்மான் சாலையில் 56 கிலோமீட்டர் வேகம் என்பது நடக்கிற காரியமில்லை.

நிஜமான வேகத்துக்கு என்ன வழி என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது தண்ணி லாரி. உடல் அளவிலும் எடையிலும் திரும்பும் விதத்திலும் தீயணைப்பு வண்டிக்கு அதுதான் நெருங்கிய சொந்தம். இரண்டு சக்கர வண்டியின் ஜிபிஎஸ் பதிவையோ வாடகைக் கார் செயலியின் நேரத்தையோ நம்புவதைவிட இது மேல். தெரிந்த ஓட்டுநர் ஒருவர் கேபினில் ஏற்றிக்கொண்டார். பகலிலும் இரவிலும் போனில் தடத்தைப் பதிவு செய்தேன். சைரன் இல்லாத வண்டி என்பதால் இது குறைந்தபட்ச வேகம். சைரன் இருந்தால் கொஞ்சம் கூடும். ஆனால் ஒதுங்க இடமே இல்லாத சாலையில் எவ்வளவுதான் கூடும்?

வாகனம் ஓடும் வேகத்தைவிட அதிக நேரத்தைத் தின்றது திருப்பங்கள். நடுத்தடுப்பு உள்ள பெரிய சாலையில் எதிர்ப்பக்கம் போக யூ-டர்ன் வரை ஓட வேண்டும். சாதாரணச் சாலைக் கோப்பில் இது பிடிபடும், ஆனால் ஒருவழிப்பாதைகளை எல்லாம் ஒரே மாதிரி வைக்கக் கூடாது. தடுப்பில்லாத சிறு தெருவில் தீயணைப்பு வண்டி எதிர்த்திசையில் போய்விடும், தடுப்புள்ள சாலையில் போகாது. இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறித்த பிறகுதான் வரைபடம் நம்பும்படி வந்தது. இன்னொரு கவனம்: நிலையத்தின் புள்ளியை அருகிலுள்ள சாலையோடு மென்பொருள் தானாக இணைக்கும்போது, மேம்பாலத்தை ஒட்டிய நிலையம் என்றால் தலைக்கு மேலே ஓடும் பாலத்தோடு இணைத்துவிடும். வண்டி வாசலிலிருந்து வானத்தில் ஏறுவதாகக் கணக்கு ஓடும். ஒவ்வொரு நிலையத்தின் கேட் எந்தச் சாலையில் திறக்கிறது என்று கையால் சரிபார்ப்பது அலுப்பான வேலைதான், தவிர்க்க முடியாது.

வேகத்தை மணிக்கு 15, 20, 30 கிலோமீட்டர் என்று மூன்று நிலைகளாக வைத்துக்கொண்டேன். இந்த இடத்தில் ஒரு எளிய கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், முழுத் திட்டத்திலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், அதுவும் மேலே சொன்ன சாய்ந்த சதுரத்தின் சரியான நடுவில் அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சதுரக் கட்டத் தெருக்களில் மிகத் தொலைவான வீடு 2.24 கிலோமீட்டரில் இருக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை நிமிடம், 20இல் கிட்டத்தட்ட 7 நிமிடம், 15இல் 9 நிமிடம். திருப்பிப் போட்டால் இன்னும் தெளிவு. 5 நிமிடத்தில் ஓடிச் சேர வேண்டும், வேகம் 20 என்றால் ஒரு நிலையம் மூடக்கூடியது சுமார் 5.6 சதுர கிலோமீட்டர். 426க்கு 77 நிலையங்கள் தேவை. வேகம் 30 ஆனால் ஒரு நிலையம் 12.5 சதுர கிலோமீட்டரை மூடும், 35 போதும். வேகம் ஒன்றரை மடங்கானால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. தீயணைப்பு நிலையத்தின் வாசலில் இருக்கும் ஒரு சிக்னலைச் சரிசெய்வதும், எதிரே உள்ள நடுத்தடுப்பில் அவசர வண்டிக்கு மட்டும் ஒரு திறப்பு விடுவதும் புது நிலையம் கட்டுவதற்குச் சமமான பலனைத் தரக்கூடிய இடங்கள் இருக்கின்றன. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஆளுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இந்த நிமிடங்கள் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வரி: தீ வளர்ச்சியைப் பொறியாளர்கள் நேரத்தின் வர்க்கத்தில் கணக்கிடுகிறார்கள். நடுத்தர வேகத்தில் வளரும் தீ வெளியிடும் வெப்பம் 300 நொடியில் ஏறத்தாழ ஒரு மெகாவாட்டைத் தொடும். எரிபொருளும் காற்றும் இருந்தால் 600 நொடியில் நான்கு மெகாவாட். நேரம் இரட்டித்தால் தீ நாலு மடங்கு.

யாருக்காக வைக்கிறோம்

அடுத்த கேள்வி, தேவையை எதை வைத்து எடை போடுவது. 100 மீட்டர் கட்டங்களில் மக்கள்தொகை தரும் உலகத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதை மட்டும் வைத்தால் தியாகராய நகரின் கடைத்தெருக்களும் பாரிமுனையும் மெலிந்து தெரியும், ஏனென்றால் அவை இரவில் தூங்குகிறவர்களை எண்ணும் தரவுகள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பலமாடித் துணிக்கடை ஒன்று எரியத் தொடங்கி, அணைக்க ஒரு நாளுக்கு மேல் ஆனது. கட்டடத்தையே பிறகு இடிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட தெருவுக்கு இரவு மக்கள்தொகையை வைத்து எடை போடுவது சரியாகாது. எனவே கட்டடப் பரப்பையும் கடை, கிடங்கு, மருத்துவமனை, பள்ளி இருக்கும் இடங்களையும் சேர்த்து எடை கொடுத்தேன். அழைப்புகள் எந்த முகவரியிலிருந்து வந்தன என்ற பல ஆண்டுப் பதிவு தீயணைப்புத் துறையின் உள்ளே இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. இதே கணக்கைத் துறையே செய்தால் என்னுடையதைவிடப் பல மடங்கு நன்றாக வரும்.

எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் கணிதம் புதிது அல்ல. 1971இல் டோரெகாஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கேட்ட கேள்வி: எல்லாரையும் குறித்த நேரத்துக்குள் எட்ட எத்தனை நிலையங்கள் போதும்? 1974இல் சர்ச், ரெவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள்: பணம் இருப்பது இத்தனை நிலையங்களுக்குத்தான், அவற்றை எங்கே வைத்தால் அதிகம் பேரை எட்டலாம்? நம் ஊருக்குப் பொருந்துவது இரண்டாவது. நிலையம் வைக்கக்கூடிய ஒவ்வொரு மாற்று இடத்துக்கும் ஆம் அல்லது இல்லை என்று ஒரு மாறி, ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டினோமா இல்லையா என்று ஒரு மாறி. எட்டியதாகச் சொல்ல வேண்டுமென்றால் நேரத்துக்குள் இருக்கும் இடங்களில் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்குக்குச் சிறந்த விடையைத் தேடித் தரும் மென்பொருளை சால்வர் என்பார்கள், இலவச சால்வரே போதும். இருக்கிற நிலையங்களை அப்படியே நிறுத்தி, ஒன்று ஒன்றாகக் கூட்டி ஓட்டினேன்.

2011இல் சேர்ந்த விளிம்புப் பகுதிகள் முதலில் வந்தன. அது எதிர்பார்த்ததே. பழைய நகரம், குறிப்பாக சவுகார்பேட்டையும் தங்கசாலைத் தெருவும் உள்ள ஜார்ஜ் டவுன், பச்சையாகத் தெரிந்தது: எழும்பூர், எஸ்பிளனேடு என்று நிலையங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, நேரம் குறைவு. அந்தப் பச்சையைத்தான் ஓய்வு பெற்ற நிலைய அலுவலர் ஒருவரிடம் காட்டினேன்.

"தம்பி, மேப்புல தெரு இருக்கும். வண்டி முனை வரைக்கும்தான் போவும். அதுக்கப்புறம் நாங்க ஓடுவோம்" என்றார்.

"முனையில இருந்து எவ்ளோ தூரம் சார்?"

"சவுகார்பேட்டைல ரெண்டு ஹோஸ் போதும்னு நெனச்சி எறங்குவோம். நாலு போட்டாலும் எட்டாது. நீங்க நிமிசத்த முனையில நிறுத்திட்டீங்க."

முனைக்கு அப்புறம்

அவர் சொன்னதற்குப் பிறகு இரண்டாவது வரைபடம் தொடங்கியது. தண்ணீர்த் தொட்டியோடு வரும் தீயணைப்பு வண்டியான வாட்டர் டெண்டரின் அகலம் சுமார் 2.5 மீட்டர். 20 அடித் தெரு என்றால் 6.1 மீட்டர். இரண்டு பக்கமும் கார் நின்றால் தலா 1.8 போக மீதி 2.5. கண்ணாடி உரசாமல் நுழைந்தாலும் கதவு திறக்காது, பக்கவாட்டு ஷட்டரைத் தூக்கிக் கருவி எடுக்க முடியாது. தேசியக் கட்டட விதி உயரமான கட்டடத்தின் முன் சாலை 12 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது, வண்டி திரும்ப 9 மீட்டர் ஆரம் கேட்கிறது. இவை புதுக் கட்டடங்களுக்கு. தங்கசாலைத் தெருவைச் சுற்றியிருக்கும் கிளைத்தெருக்களுக்கு யார் விதி போடுவது?

விடியற்காலையில் டேப்போடு போய் அளந்தேன். எல்லாத் தெருவையும் அளக்க முடியாது, எனவே ஒவ்வொரு வகையிலும் சில தெருக்களை அளந்து, மீதியைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு மூன்று நிறம் கொடுத்தேன்: பெரிய வண்டி நுழையும் தெரு, சிறு வண்டி மட்டும் நுழையும் தெரு, ஆளும் ஹோஸும் மட்டும் நுழையும் சந்து. அகலத்தோடு தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, கேபிள், கடை முன் நீட்டிய தகரக் கூரை, கோயில் வளைவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இரவு வாகனம் நிற்கும் இடம் வேறு. பகலில் பெரிய வண்டித் தெருவாக இருப்பது இரவு 11 மணிக்குச் சிறு வண்டித் தெருவாகிவிடும்.

சந்தின் வாயிலிலிருந்து ஹோஸ் போடும் நேரத்தை நடை வேகமாகச் சேர்த்து மீண்டும் ஓட்டியபோது ஜார்ஜ் டவுனின் பச்சை பெரும்பகுதி மறைந்தது. அங்கே இன்னொரு பெரிய நிலையம் கூட்டிப் பார்த்தேன். சால்வர் அசையவே இல்லை. முனைக்கு வரும் நேரம் ஏற்கெனவே குறைவு, அதை இன்னும் குறைத்து என்ன பயன்? அதே இடத்தில் சிறு வண்டி ஒன்றும் தண்ணீரை நுண்துளியாகத் தெளிக்கும், மோட்டார் சைக்கிளில் ஏற்றிய நீர்ப்பனி யூனிட்டும் நிற்கும் சிறு முகாம் வைத்தால் நிறம் திரும்பி வருகிறது. பழைய நகருக்கும் புது விளிம்புக்கும் மருந்து ஒன்றல்ல என்பது இந்த ஓட்டத்தில்தான் உறுதியானது. விளிம்புக்கு முழு நிலையம் வேண்டும், உள்நகரத்துக்குச் சின்ன வண்டிகள் நெருக்கமாக வேண்டும். இரண்டையும் "புது நிலையங்கள் இத்தனை" என்ற ஒரே எண்ணில் அடக்கினால் உள்நகரம் ஏமாந்துபோகும்.

வண்டி நிலையத்தில் இருக்குமா

இதுவரை எல்லாம் வண்டி எப்போதும் நிலையத்தில் தயாராக நிற்கிறது என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு. ஒரு வண்டி நாளைக்கு மூன்று அழைப்புக்குப் போய், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி 12 நிமிடம் எடுத்தால், நாளில் 15 சதவீத நேரம் அது நிலையத்தில் இல்லை. ஒரே வண்டியை நம்பிய தெருவுக்கு 85 சதவீத உத்தரவாதம். இரண்டாவது வண்டியும் நேரத்துக்குள் எட்டும் என்றால் ஏறக்குறைய 98. மார்க் டாஸ்கின் என்ற ஆய்வாளர் 1983இல் இந்த எண்ணத்தைக் கணித மாதிரிக்குள் கொண்டுவந்தார். அதைச் சேர்த்தபோது சில இடங்கள் நகர்ந்தன: யாருமே எட்டாத மூலையில் விழுந்த புள்ளி, இரண்டு நிலையங்களுக்கு நடுவே வந்து இரண்டுக்கும் கைகொடுக்கும் இடத்துக்கு வந்தது.

வண்டிகள் ஒன்றையொன்று சாராமல் வெளியே போகின்றன என்பது அந்தக் கணக்கின் அனுமானம். தீபாவளி இரவுக்கு அது பொருந்தாது, எல்லா நிலையங்களுக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு வரும். நம் துறை அந்த நாட்களில் வண்டிகளைத் தற்காலிக இடங்களில் கொண்டுபோய் நிறுத்துவது மிகச் சரியான நடைமுறை. அந்த நிறுத்தங்கள் வருடம் முழுவதற்குமான முகாம்களுக்கு நல்ல மாற்று இடங்களும் கூட.

நியூயார்க் கணக்கை மேலே சொன்னேன், அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க 1972 முதல் அங்கே தீயணைப்புப் படைகள் கலைக்கப்பட்டபோது, தீ அதிகம் பிடித்துக்கொண்டிருந்த தெற்கு பிராங்க்ஸ் போன்ற ஏழைப் பகுதிகளிலும் படைகள் போயின. பக்கத்தில் வேறு நிலையங்கள் இருக்கின்றன என்று கணித மாதிரி சொன்னது. அவை எல்லாம் ஏற்கெனவே அழைப்பில் திணறிக்கொண்டிருந்தன. நெரிசலான பகுதியின் சராசரி நேரத்தைப் பார்த்து "இங்கே நிலையம் மிகுதி" என்று யாராவது சொன்னால், வண்டிகள் எவ்வளவு நேரம் வெளியே இருக்கின்றன என்று கேளுங்கள்.

தண்ணீர்

இது தனிப் பதிவாக வேண்டியது, சுருக்கமாக எழுதுகிறேன். வழக்கமான வாட்டர் டெண்டரில் 4,500 லிட்டர். நிமிடத்துக்கு 900 லிட்டர் அடித்தால் 5 நிமிடம். நிரப்பும் இடம் 3 கிலோமீட்டரில், வேகம் 20 என்றால் போக 9, வர 9, நிரப்ப 10, அடிக்க 5: ஒரு சுற்றுக்கு 33 நிமிடம். தண்ணீர் நிற்காமல் வர 7 வண்டிகள் சுற்ற வேண்டும். நிரப்பும் இடம் 1 கிலோமீட்டரில் இருந்தால் 3, 3, 10, 5: சுற்றுக்கு 21 நிமிடம், 5 வண்டிகள் போதும். நிரப்பும் நேரத்தைப் பாதியாக்கினால் இன்னும் ஒன்று மிச்சம். நிலையத்துக்கு இடம் தேடும்போதே குடிநீர் வாரியத்தின் நிரப்பு நிலையங்களையும், பெரிய கட்டடங்களின் தரைத்தொட்டிகளையும் அதே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் எடுத்த மாற்று இடங்களின் பட்டியலில் நிரப்பு நிலையத்தை ஒட்டியவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தேன், பல இடங்களில் அதுவே முடிவைத் தீர்மானித்தது.

இடம்

சால்வர் கேட்கும் இடத்தில் நிலம் இருக்காது. முழு நிலையத்துக்கு வண்டிக் கொட்டகை, பயிற்சி இடம், குடியிருப்பு எல்லாம் சேர்த்தால் உள்நகரத்தில் நினைத்துப் பார்க்க முடியாத பரப்பு வேண்டும். எனவே மாற்று இடங்களாக ஏற்கெனவே அரசு கையில் இருப்பவற்றை மட்டும் எடுத்தேன்: பேருந்துப் பணிமனைகள், மாநகராட்சி வார்டு அலுவலகங்கள், மேம்பாலத்துக்குக் கீழே உள்ள வெற்றிடங்கள், குடிநீர் வாரிய வளாகங்கள். சால்வர் சுதந்திரமாகத் தேர்ந்ததற்கும் இந்தப் பட்டியலுக்குள் தேர்ந்ததற்கும் எட்டும் அளவில் வித்தியாசம் மிகச் சிறியது. சரியான இடத்தில் நிலம் இல்லை என்ற பதிலை இனி அப்படியே ஏற்க வேண்டியதில்லை: நானூறு ஐந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பணிமனை மூலை பெரும்பாலும் போதும். கேட் மட்டும் வண்டி ஒரே வீச்சில் சாலையில் ஏறும்படி இருக்க வேண்டும்.

வேறு ஊர்களுக்குச் செய்ய நினைப்பவர்களுக்கு: கோவை, திருச்சி போன்ற ஊர்களில் இதே வரிசையில் போகலாம். மதுரைக்கு வரிசையை மாற்றுங்கள். 2020 தீபாவளியை ஒட்டி நவபத்கானா தெருத் துணிக்கடைத் தீயில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். மாசி வீதிகளுக்கு உள்ளேயும் சுற்றிலும் உள்ள தெருக்களின் அகலத்தை முதலில் டேப்பால் அளந்து மூன்று நிறம் கொடுத்துவிடுங்கள், வேகத்தையும் சால்வரையும் அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அளக்கும்போது தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரு தடவையும் சாதாரண வாரத்தில் ஒரு தடவையும் போங்கள், நடைபாதைக் கடைகள் வந்த பின் மீதமிருக்கும் அகலத்தைத்தான் கோப்பில் ஏற்ற வேண்டும்.